செல்லுக்கு யார் சொன்னது, நீ கல்லீரல்னு?

கண்ணுக்குள்ள இருக்கிற ஒரு செல், கால் கட்டைவிரல் தோல்ல இருக்கிற ஒரு செல். ரெண்டையும் எடுத்து டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாப் படிச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட எந்த வித்தியாசமும் இருக்காது. அதே 300 கோடி எழுத்து, அதே சுமார் 20,000 மரபணு. ஆனா ஒண்ணு வெளிச்சத்தைப் பார்க்குது, இன்னொண்ணு செருப்புக் கடியைத் தாங்குது.

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் வராது. ஒரே மென்பொருள், கான்ஃபிக் ஃபைல் மட்டும் வேற, அவ்வளவுதானேன்னு போயிடுவோம். கேள்வியே அங்கதான் ஆரம்பிக்குது. அந்தக் கான்ஃபிக் ஃபைல் எங்கே இருக்கு? யார் எழுதினது? ஒரு செல் ரெண்டாப் பிரியும்போது அது எப்படிக் கூடவே போகுது? எல்லாத்துக்கும் மேலே, அதைத் திருத்தி எழுத முடியுமா?

இதுக்குப் பதில் கண்டுபிடிக்க மனுஷனுக்கு ஏறக்குறைய 70 வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு உலகப் போர், ஒரு ஒட்டகச்சிவிங்கி, ஒரு சினிமா தியேட்டர், வகுப்பிலேயே கடைசி மார்க் வாங்கின ஒரு பையன் எல்லாம் வர்றாங்க.

1890கள்ல ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மான் ஒரு விளக்கம் சொன்னார். கரு வளர வளர ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டாத பரம்பரைச் சரக்கைக் கைவிட்டுடுது. கல்லீரல் செல்லில் கல்லீரலுக்கு உண்டானது மட்டும்தான் மிச்சம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. இது தப்புன்னு நிரூபிக்கணும்னா, முழுசா வளர்ந்த செல்லின் உட்கருவை எடுத்து, அதிலிருந்து ஒரு முழு உயிரை உண்டாக்கிக் காட்டணும். அதுக்குப் பிறகு வர்றேன். முதல்ல பாரிஸ்.

1940. ஜெர்மன் படை பாரிஸுக்குள்ள வந்தாச்சு. சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மோனோ என்ற 30 வயது ஆள், பாக்டீரியா வளர்றதை அளந்துகிட்டு இருந்தார். அவர் பண்ணினது ரொம்ப சாதாரணமான சோதனை. பாக்டீரியாவுக்கு ஒரே பாத்திரத்தில் ரெண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து குடுக்கிறது. அது ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலை. முதல்ல குளுக்கோஸை முழுசாக் காலி பண்ணும். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகுதான் அடுத்த சர்க்கரையில் கை வைக்கும். பந்தியில வடை இருக்கிற வரைக்கும் பொரியல் பக்கம் திரும்பாத ஆள் மாதிரி.

நடுவுல ஏன் அந்தச் 'சும்மா'? பாஸ்ட்யூர் நிறுவனத்தில் இருந்த ஆந்த்ரே ல்வோஃப்கிட்ட போய் வரைபடத்தைக் காட்டினார். ல்வோஃப், இது நொதிகளின் 'தகவமைப்பு' சம்பந்தப்பட்டதா இருக்கலாம்னு சொன்னார். அதாவது புதுச் சர்க்கரையை உடைக்கிற நொதி முதல்ல செல்லில் இல்லை. சர்க்கரை வந்த பிறகுதான் செல் அதைத் தயாரிக்குது, அந்தத் தயாரிப்பு நேரம்தான் அந்தச் சும்மா. மோனோ அந்த வார்த்தையையே அன்னிக்குத்தான் முதல்முறை கேள்விப்பட்டார். அதுக்கப்புறம் 20 வருஷம் அதுவே அவர் வாழ்க்கை.

பகல்ல இது. மத்த நேரத்தில் நாஜிகளை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் மோனோ முக்கியமான ஆள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூடு நிறுத்தி வெச்சிருந்தாங்க. அதோட கால் எலும்பு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். இயக்கத்தோட காகிதங்களை அதுக்குள்ள ஒளிச்சு வெச்சார். மாட்டியிருந்தா உயிரோட இருந்திருக்க மாட்டார்.

போர் முடிஞ்சதும் வேற ஒரு சண்டை. மோனோ இருந்தது கம்யூனிஸ்ட்கள் நடத்தின எதிர்ப்புப் படையில். ஆனா அந்தப் பக்கம் சோவியத்தில் லைசென்கோ என்ற ஆள், மரபணு என்பதே முதலாளித்துவப் புளுகு, சூழ்நிலையை மாத்தினா பயிரின் பரம்பரையே மாறிடும்னு சொல்லிக்கிட்டு இருந்தார். அதை எதிர்த்த நிக்கலாய் வவிலோவ், உலகம் முழுக்கச் சுத்தி விதை சேகரிச்ச பெரிய மனுஷன், 1943ல் சிறையிலேயே செத்துப் போனார். 1948 ஆகஸ்டில் லைசென்கோ சொன்னதுதான் அரசாங்கக் கொள்கைன்னு மாஸ்கோவில் அறிவிச்சாங்க. அடுத்த மாசமே 'கோம்பா' பத்திரிகையில் மோனோ அதைக் கிழி கிழின்னு கிழிச்சு எழுதினார். பழைய தோழர்கள் பலபேர் விரோதியானாங்க.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, மோனோ ஆராய்ச்சி பண்ணின விஷயமே மேலோட்டமாப் பார்த்தா லைசென்கோவுக்குச் சாதகமான மாதிரி இருக்கும். பாக்டீரியாவுக்கு லாக்டோஸ் குடுத்தா லாக்டோஸை உடைக்கிற நொதி வருது. சூழ்நிலை செல்லுக்குப் 'பாடம் சொல்லிக் குடுக்குது'ன்னு யாரும் கதை கட்டலாம். அந்த நேரத்தில் சில விஞ்ஞானிகளே கூட, சர்க்கரையின் வடிவத்தைப் பார்த்து நொதி வார்க்கப்படுதுன்னு நினைச்சாங்க. அது இல்லை, நொதிக்கான தகவல் ஏற்கனவே மரபணுவில் இருக்கு, சர்க்கரை பண்றது அனுமதி குடுக்கிற வேலை மட்டும்தான்னு காட்ட வேண்டிய கட்டாயம் மோனோவுக்கு இருந்தது. 'தகவமைப்பு'ங்கிற வார்த்தையையே 1953ல் வேற சில விஞ்ஞானிகளோட சேர்ந்து கை கழுவிட்டு, 'தூண்டல்'னு மாத்தினார். வார்த்தைதானேன்னு விட முடியாது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி பிணம் இருந்தது.

அதே பாஸ்ட்யூர் நிறுவனத்தின் மாடியில், பரண் மாதிரியான இடத்தில், நடைபாதையின் ஒரு முனையில் மோனோ. இன்னொரு முனையில் ல்வோஃப். ல்வோஃப்கிட்ட 1950ல் வந்து சேர்ந்தவர் ஃப்ரான்ஸ்வா ஜாகோப். அறுவை மருத்துவர் ஆகணும்னு படிச்சுக்கிட்டு இருந்தவர். 1940 ஜூனில் படிப்பை விட்டுட்டுக் கப்பலேறி லண்டன் போய் டி காலின் படையில் சேர்ந்தார். ஆப்பிரிக்கா பூரா சுத்தி, 1944ல் நார்மண்டியில் குண்டு பட்டு உடம்பு பூரா துண்டு துண்டா உலோகம். இனிமே மணிக்கணக்கா நின்னு அறுவை சிகிச்சை பண்ண முடியாதுன்னு ஆச்சு. 30 வயசில், உருப்படியா எதுவும் தெரியாம, ல்வோஃப் வீட்டு வாசல்ல நின்ன மாதிரி பலதடவை கேட்டுக் கேட்டு இடம் வாங்கினார்.

ஜாகோப் பார்த்தது பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ். சில வைரஸ்கள் உள்ளே போய் பாக்டீரியாவைக் கொல்லாம, அதோட டி.என்.ஏ.விலேயே ஒட்டிக்கிட்டுத் தூங்கும். திடீர்னு ஒருநாள் முழிச்சுக்கும். நடைபாதையின் அந்த முனையில் இது என்ன மாயம்னு இவங்க யோசிக்க, இந்த முனையில் லாக்டோஸ் நொதி என்ன மாயம்னு மோனோ யோசிக்க, ரெண்டும் ஒரே மாயம்னு பல வருஷம் யாருக்கும் தோணலை.

1957ல் அமெரிக்காவிலிருந்து ஆர்தர் பார்டி வந்தார். மூணு பேரும் சேர்ந்து பண்ணின சோதனைக்கு மூணு பேர் பேரையும் சேர்த்து 'பஜாமோ'ன்னு செல்லப் பெயர் (பைஜாமா மாதிரியே இருக்கு இல்ல?). மேட்டர் இதுதான். சில மரபுப்பிழை பாக்டீரியாக்கள் லாக்டோஸ் இருக்கோ இல்லையோ நொதியைத் தயாரிச்சுக்கிட்டே இருக்கும். குழாய் மூட மறந்த மாதிரி. மோனோ அதுவரைக்கும் நம்பினது: இந்தப் பிழை பாக்டீரியா உள்ளுக்குள்ளேயே ஏதோ ஒரு தூண்டு பொருளைத் தயாரிக்குது. அப்படின்னா அது கூடுதலா எதையோ செய்யுது.

சோதனையில், ஒழுங்கான மரபணுக்களை ஆண் பாக்டீரியாவிலிருந்து, நொதியும் தெரியாத, கட்டுப்பாடும் இல்லாத பெண் பாக்டீரியாவுக்குள் அனுப்பினாங்க. உள்ளே போன சில நிமிஷத்திலேயே நொதி கொட்ட ஆரம்பிச்சது. அப்புறம், நேரம் ஆக ஆக, நின்னு போச்சு. லாக்டோஸ் மாதிரி ஒண்ணை ஊத்தினாதான் திரும்ப வந்தது.

யோசிச்சுப் பாருங்க. உள்ளே போன மரபணுக்களில் ஒண்ணு ஏதோ ஒரு பொருளைத் தயாரிக்குது. அது சேரச் சேர உற்பத்தி நிக்குது. அப்போ பிழை பாக்டீரியா கூடுதலா எதையும் செய்யலை. அதுகிட்ட பிரேக் இல்லை, அவ்வளவுதான். லாக்டோஸ் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலை, பிரேக்கிலிருந்து காலை எடுக்குது. இந்த ரெட்டை எதிர்மறையை மோனோவுக்குப் பிடிக்கச் செய்ய, இயற்பியல்காரர் லியோ ஸிலார்டும் வாதாடினார். ஆமாம், அணுகுண்டு ஸிலார்டேதான்.

1958 ஜூலை. பாரிஸ் காலியா இருந்தது, எல்லாரும் விடுமுறைக்குப் போயாச்சு. எழுத வேண்டிய ஒரு உரை எழுத வராம, ஜாகோப் மனைவியைக் கூட்டிக்கிட்டு சினிமாவுக்குப் போனார். இருட்டில், படம் ஓடும்போது, அவருக்குச் சட்டுன்னு பட்டுது. தூங்குற வைரஸும் லாக்டோஸ் நொதியும் ஒண்ணு. ரெண்டிலும் ஒரு அடக்கி இருக்கு. அது நேரா டி.என்.ஏ. மேலேயே போய் உட்கார்ந்து, ஒரேயடியாப் பல மரபணுக்களைச் சேர்த்துப் பூட்டுது. படம் முடியற வரைக்கும்கூட அவரால் உட்கார முடியலை. செப்டம்பரில் திரும்பி வந்த மோனோ முதல்ல நம்பலை. அப்புறம் ரெண்டு பேரும் கரும்பலகை முன்னாடி மாசக்கணக்கா சண்டை போட்டு, 1961ல் ஒரு நீண்ட கட்டுரையா வந்தது. 1965ல் ல்வோஃபோட சேர்த்து மூணு பேருக்கும் நோபல்.

என் கணக்கில் உயிரியலில் இதுதான் முதல் 'இஃப் ஸ்டேட்மென்ட்'. அதுவரைக்கும் மரபணுன்னா ஒரு பொருளுக்கான செய்முறை. அன்னிலேர்ந்து, இன்னொரு மரபணுவை எப்போ படிக்கணும்னு முடிவு பண்றதுக்குன்னே சில மரபணுக்கள் இருக்குன்னு ஆச்சு.

அடக்கி ஒண்ணு இருக்குன்னு கணக்குப் போட்டாங்களே ஒழிய, யாரும் அதைக் கண்ணால பார்க்கலை. அது ஆர்.என்.ஏ.வா இருக்கலாம்னுதான் பாரிஸ்காரங்களே நினைச்சாங்க. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் (இவர் இயற்பியலிலிருந்து கட்சி மாறி வந்தவர்) பென்னோ ம்யூலர்-ஹில்லும் 1966ல் பிடிச்சாங்க. கஷ்டம் என்னன்னா, ஒரு பாக்டீரியாவில் அது வெறும் 10 மூலக்கூறு அளவில்தான் இருக்கும். லாக்டோஸ் மாதிரியே நடிக்கிற ஒரு வேதிப்பொருளுக்குக் கதிரியக்கம் ஏத்தி, அது எதோட போய் ஒட்டிக்குதுன்னு பார்த்துப் பிடிச்சாங்க. புரதம்தான்! அதே கட்டடத்திலேயே போட்டி போட்டுக்கிட்டு இருந்த மார்க் டாஷ்னே, தூங்குற வைரஸின் அடக்கியைப் பிடிச்சு, 1967ல் அது டி.என்.ஏ.வோட நேரா ஒட்டுதுன்னு காட்டினார். தியேட்டர் இருட்டில் ஜாகோப் பார்த்தது சரி.

இப்படி டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்துக்களைத் தேடிப் போய் ஒட்டிக்கிட்டு, பக்கத்து மரபணுவைப் படியெடுக்கலாம் அல்லது கூடாதுன்னு முடிவு பண்ற புரதங்களுக்குப் பொதுப் பெயர் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். தமிழில் படியெடுப்புக் காரணி. மனுஷ மரபணுக்களில் சுமார் 1,600 இந்த வேலைக்குன்னே இருக்கு. பன்னிரண்டில் ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. ஒரு கம்பெனியில் 12 பேருக்கு ஒரு மேனேஜர், நம்ம ஆபீஸைவிட பரவாயில்லை :-)

சரி, வைஸ்மானுக்கு வருவோம். பாக்டீரியா ஒரு செல் ஆசாமி. சர்க்கரை தீர்ந்தா திரும்பப் பழையபடி ஆயிடும். நம்ம தோல் செல் அப்படியா? தோல் தோலாகவே சாகுது.

இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் 1949ல் ஜான் கர்டன் என்ற பையன், உயிரியலில் 250 பேரில் கடைசி. விஞ்ஞானி ஆகணும்னு இவன் நினைக்கிறது அபத்தம், அவனுக்கும் நேர விரயம், சொல்லிக் குடுக்கிறவனுக்கும் நேர விரயம்ங்கிற மாதிரி ரிப்போர்ட் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மேஜைக்கு மேலே மாட்டி வெச்சிருந்தார், நோபல் வாங்கின பிறகும். ஆக்ஸ்ஃபோர்டில் முதல்ல இடம் கிடைச்சது பழைய கிரேக்க, லத்தீன் படிக்க. மாறி மாறி விலங்கியலுக்கு வந்தார்.

அவர் கையில் கிடைச்சது ஸீனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளை. இந்தத் தவளைக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1930கள்லேர்ந்து பல ஆஸ்பத்திரிகளில் கர்ப்பப் பரிசோதனைக் கருவியே இதுதான். பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏத்தினா, கர்ப்பமா இருந்தா தவளை ஒரு நாளுக்குள்ள முட்டை போடும். அதனால வருஷம் பூரா எப்ப வேணாலும் முட்டை கிடைக்கும், ஆராய்ச்சிக்காரங்களுக்கும் வசதி.

கர்டன் முட்டையின் சொந்த உட்கருவைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்க வெச்சார். தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை உறிஞ்சி உள்ளே வெச்சார். குடல் செல், சோறு செரிக்கிற செல், அதுக்கு வேற எதுவும் தெரியாது. 1962ல் வெளியிட்ட கட்டுரையில் மொத்தம் 726 முட்டை. 10 மட்டும் சரியான தலைப்பிரட்டையா ஆச்சு. நூத்துக்கு ஒண்ணரை. ஆனா அந்தப் பத்துக்கும் கண் இருந்தது, வால் இருந்தது, இதயம் துடிச்சது. முட்டையின் பழைய உட்கரு தப்பிச்சு வளர்ந்துடுச்சோன்னு யாரும் கேட்கக் கூடாதுன்னு, அடையாளத்துக்கு உட்கருவுக்குள்ள ரெண்டு நியூக்ளியோலஸுக்குப் பதிலா ஒண்ணு மட்டும் உள்ள தவளை வகையைப் பயன்படுத்தியிருந்தார். வளர்ந்ததுகளில் ஒண்ணுதான் இருந்தது.

இதுக்கு முன்னாடியே அமெரிக்காவில் பெரிய ஆட்களான பிரிக்ஸும் கிங்கும் வேற வகைத் தவளையில் முயற்சி பண்ணி, வளர்ந்த செல்லில் அது நடக்காதுன்னு சொல்லியிருந்தாங்க. ஒரு ஆராய்ச்சி மாணவன் சொல்றதை யார் நம்புவா? 10 வருஷத்துக்கு மேல சந்தேகம் ஓடுச்சு. 1996ல் டாலி ஆடு பிறந்த பிறகு யாருக்கும் வாயில்லை. (அதுவும் 277 முயற்சியில் ஒண்ணு.)

ஆக, செல் எதையும் தூக்கி எறியலை. எல்லாத் தாளும் உள்ளேயே இருக்கு. முட்டைக்குள்ள இருக்கிற ஏதோ ஒண்ணு குடல் செல்லின் உட்கருவைப் பார்த்து, நீ குடல் இல்லைன்னு சொல்லுது. எது அது?

இங்கேதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றார். பேரு ஹரால்ட் வைன்ட்ராப், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம். 1979ல் டெய்லரும் ஜோன்ஸும், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற எலியின் இணைப்புத் திசு செல்லுக்கு ஒரு மருந்து போட்டாங்க. அந்த மருந்து டி.என்.ஏ. மேல செல் ஒட்டி வெச்சிருக்கிற சில வேதியியல் முத்திரைகளை அழிக்கும். மருந்து போட்ட செல்களில் கணிசமான அளவு தசையா மாறிடுச்சு! முத்திரையைக் கண்டபடி அழிச்சா கண்டபடிதானே ஆகணும்? இவ்வளவு சுலபமா தசை வருதுன்னா, ஒரே ஒரு மரபணு, இல்லைன்னா ரெண்டு மூணு திறந்தாலே போதும்னு அர்த்தம்.

வைன்ட்ராபோட ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டேவிஸ், ஆண்ட்ரூ லாஸர். அவங்க பண்ணினதை நாம தினம் பண்றோம்: 'டிஃப்'. தசையாகப் போற செல்லில் படிக்கப்படுற மரபணுக்களின் பட்டியலை எடுத்து, சாதா செல்லின் பட்டியலை அதிலிருந்து கழிச்சாங்க. கம்ப்யூட்டரில் இல்லைங்க, சோதனைக் குழாயில், ரெண்டுக்கும் பொதுவானதை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சு வடிகட்டி. மிச்சம் நின்னதில் சந்தேகத்துக்கு உரியது மூணு. மையோ-ஏ, மையோ-டி, மையோ-ஹெச்னு பேர் வெச்சாங்க. ஒவ்வொண்ணையும் தனியா சாதா செல்லுக்குள் செலுத்தினாங்க. ஏ ஒண்ணும் பண்ணலை. ஹெச் ஒண்ணும் பண்ணலை. டி போன செல்கள் நீளமாகி, ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு, தசை நாராயிடுச்சு. 1987ல் வெளியான கட்டுரை. ஒரே ஒரு புரதம்!

அது வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. டி.என்.ஏ.வில் 6 எழுத்து: முதல் ரெண்டு சி, ஏ, கடைசி ரெண்டு டி, ஜி, நடுவுல எது வேணா இருக்கலாம். நமக்கு இது ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான். மையோ-டி ஒரு கூட்டாளிப் புரதத்தோட ஜோடி சேர்ந்து, இந்த எழுத்துக்கள் இருக்கிற இடத்தில் கவ்விப் பிடிச்சு, பக்கத்தில் இருக்கிற தசை மரபணுக்களைப் படிக்க வைக்குது. அப்படிப் படிக்கப்படுற மரபணுக்களில் மையோ-டியும் ஒண்ணு. தன்னைத் தானே எரிய வெச்சுக்குது! செல் ரெண்டாப் பிரிஞ்சாலும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் மையோ-டி போகும், அது திரும்ப மையோ-டியைத் தயாரிக்கும். நான் முதல்ல கேட்ட கேள்வி, கான்ஃபிக் ஃபைல் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகுது? ஒரு பங்கு பதில் இதுதான். அது தனி ஃபைலே இல்லை. ஓடிக்கிட்டு இருக்கிற நிரல், தான் ஓடணும்னு தனக்கே சொல்லிக்கிட்டு இருக்கு.

அப்புறம் அவங்க மையோ-டியை நிறமி செல், நரம்பு செல், கொழுப்பு செல்னு எதில் எல்லாம் முடியுமோ அதில் எல்லாம் போட்டுப் பார்த்தாங்க. சில செல் முழுசாப் பணிஞ்சது. சிலதில் தசை மரபணுக்கள் கொஞ்சம் எரிஞ்சது, ஆனா பழைய உத்தியோகத்தையும் விடலை. அதாவது உள்ளே ஏற்கனவே உட்கார்ந்திருக்கிற மற்ற காரணிகள் எதுன்னு பொறுத்து, வந்தவரோட செல்வாக்கு மாறுது. ஒரு ராஜா கதை இல்லை இது, கூட்டணி ஆட்சி.

இதைவிட வேடிக்கை 1992ல் நடந்தது. மையோ-டியே இல்லாத எலியை உருவாக்கினாங்க. தசையே இல்லாம பிறக்கும்னு எதிர்பார்த்தா, அது ஜம்முனு ஓடுச்சு. காரணம், மிஃப்-5ன்னு அதோட பங்காளி புரதம் ஒண்ணு வேலையைப் பார்த்துக்கிச்சு. அடுத்த வருஷம் ரெண்டையும் எடுத்தாங்க. அந்த எலிகள் எலும்புத் தசையே இல்லாம பிறந்து உடனே செத்தது. சர்வர் விழுந்தா பேக்கப் எழும்பற ஏற்பாடு கோடிக்கணக்கான வருஷமா இருக்கு.

வைன்ட்ராப் 1995ல் மூளைக் கட்டியில் இறந்து போனார், 49 வயசு. புற்றுநோய் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். செல் ஏன் தன் அடையாளத்தை மறந்து கண்டபடி பெருகுதுங்கிறது அவர் வேலைக்குப் பக்கத்துக் கேள்வி.

அதே 1995ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கேரிங்கோட குழு, ஈயின் காலிலும் சிறகிலும் கண் முளைக்க வெச்சாங்க, ஒரே ஒரு காரணியைத் தப்பான இடத்தில் எரிய விட்டு. எலியின் அதே மரபணுவை ஈயில் போட்டாலும் கண் வந்தது. ஈயின் கண்தான் வந்தது, எலிக்கண் இல்லை. 'இங்கே கண்ணைக் கட்டு'ன்னு சொல்றது அந்தக் காரணி. எப்படிக் கட்டணும்னு ஈக்குத் தெரியும். இதைப் பத்தி மட்டுமே தனியா ஒரு பதிவு எழுதலாம், இப்போதைக்கு நகர்வோம்.

இதுவரைக்கும் பார்த்தது எல்லாம் ஒரு செல்லை வேற ஒண்ணா மாத்துறது. கர்டன் பண்ணின மாதிரி ஆரம்பத்துக்கே திருப்பணும்னா முட்டை வேணும். முட்டை இல்லாம முடியுமா?

கர்டன் கட்டுரை வந்த 1962லேயே பிறந்தவர் ஷின்யா யமனாகா. எலும்பு அறுவை மருத்துவரா ஆரம்பிச்சவர். கை அவ்வளவு வேகம் இல்லை. கூட இருந்தவங்க 'ஜமனாகா'ன்னு கேலி பண்ணினாங்க. ஜப்பானிய மொழியில் 'ஜாமா'ன்னா இடைஞ்சல். ஆராய்ச்சிக்கு மாறி, அமெரிக்கா போய், திரும்பி வந்தா ஜப்பானில் எலிக்கூண்டு கழுவறதும் தானேதான். எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருந்தப்போ, 1999ல் நாரா நகரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் கிடைச்சது. அங்கே மாணவனா வந்து சேர்ந்தவர் கஸுதோஷி தகாஹாஷி. இவர் பி.ஈ. பார்ட்டி, அதாவது பொறியியல் படிச்சுட்டு வந்தவர். நம்ம ஜாதி!

கருவின் ஆரம்ப நிலை செல்களில் மட்டும் எரியற காரணிகள்னு 24 மரபணுவைப் பட்டியல் போட்டாங்க. தோல் மாதிரி ஒரு சாதா செல்லில் இதில் எதைப் போட்டா அது கரு நிலைக்குத் திரும்பும்? ஒவ்வொண்ணாப் போட்டாங்க. ஒண்ணும் ஆகலை. ஜோடி ஜோடியாப் போடலாம்னா 276 ஜோடி. மூணு மூணா 2,024. நாலு நாலா 10,626. எல்லாச் சேர்க்கையும்னா 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேலே. எலிச் செல்லை வெச்சுக்கிட்டு இதை முடிக்க நாலு ஜென்மம் வேணும்.

தகாஹாஷி 24ஐயும் ஒண்ணா அள்ளிக் கொட்டிப் பார்த்தார். சில செல் கூட்டங்கள் உயிர் பிழைச்சு வளர்ந்தது, பார்த்தா கரு செல் மாதிரியே! அப்புறம் ஒவ்வொரு தடவையும் 24ல் ஒண்ணை மட்டும் எடுத்துட்டு மிச்ச 23ஐப் போட்டார். எதை எடுத்தா காரியம் கெடுதோ அது முக்கியம். பக் எங்கேன்னு தெரியாதப்போ ஒவ்வொரு வரியா கமென்ட் போட்டுப் பார்ப்போமே, அதேதான். 16 லட்சமோ 16 கோடியோ வேண்டாம், 24 சோதனை போதும். 24 பத்தாச்சு, பத்து நாலாச்சு. அக்ட்-3/4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக். நாலுமே டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்.

நேரம் வேற சரியில்லை. தென் கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் குளோனிங்கில் பண்ணின புளுகு வெளியாகி, 2006 ஜனவரியில்தான் அவர் கட்டுரைகளை வாபஸ் வாங்கியிருந்தாங்க. இந்த நிலைமையில், முட்டை வேண்டாம், கரு வேண்டாம், நாலு புரதம் போதும்னு ஒரு ஆசியாக்காரர் சொன்னா? திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்த பிறகுதான் 2006 ஆகஸ்டில் வெளியிட்டாங்க. கூடிய சீக்கிரமே உலகத்தில் வேற ஆய்வுக்கூடங்களிலும் அதே நாலு வேலை செஞ்சது. 2007 நவம்பரில் மனுஷச் செல்லிலும். 2012ல் யமனாகாவுக்கும் கர்டனுக்கும் சேர்த்து நோபல்.

சி-மிக்கைப் பார்த்ததும் விஷயம் தெரிஞ்சவங்களுக்கு வயித்தைக் கலக்கியிருக்கும். அது புற்றுநோயோட பழைய சிநேகிதன். 2007ல் பார்த்தப்போ, இந்தச் செல்களிலிருந்து வந்த எலிகளில் சுமார் 20 சதவீதத்துக்குக் கட்டி வந்தது. அடையாளத்தை அழிக்கிற கையும் அடங்காம பெருக வைக்கிற கையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அதனாலதான் 2014 செப்டம்பரில் கோபே நகரத்தில் 70 வயசு தாண்டின ஒரு அம்மாவுக்கு, அவங்க தோலையே கருநிலைக்குத் திருப்பி, அதிலிருந்து விழித்திரைக்கு ஒரு மெல்லிய படலம் வளர்த்து வெச்சப்போ, அவ்வளவு நடுக்கம். அவங்களுக்குக் கட்டி வரலை. அடுத்த நோயாளிக்குத் தயாரிச்ச செல்லில் மரபுப்பிழை தெரிஞ்சதால் அதை வைக்காம நிறுத்திட்டாங்க. அது சரியான முடிவுன்னுதான் எனக்குத் தோணுது.

இத்தனையும் ஆய்வுக்கூடத்தில் பலவந்தமா மாத்தினது. தானா இருக்கிற செல் நிம்மதியாத்தான் இருக்குமா? 2009ல் மத்தியாஸ் ட்ரையரோட குழு, நல்லா வளர்ந்த பெண் எலியில், ஃபாக்ஸ்-எல்-2ன்னு ஒரே ஒரு காரணியை மட்டும் சூலகத்திலிருந்து எடுத்தாங்க. பிறந்து, வளர்ந்து, பெண்ணாவே இருந்த எலி. அதோட சூலகத்தில் முட்டையைச் சுத்தியிருந்த செல்கள் எல்லாம் விரையில் இருக்கிற செல்லா மாற ஆரம்பிச்சது. 2011ல் வேற ஒரு குழு, ஆண் எலியின் விரையில் டி.எம்.ஆர்.டி-1ங்கிற காரணியை எடுத்துப் பார்த்தாங்க. அங்கே சூலகச் செல் வர ஆரம்பிச்சது. இந்த ரெண்டு புரதமும், கரு உருவான முதல் சில நாளோட வேலை முடிஞ்சு ரிட்டயர் ஆகலை. ஆயுசு பூரா, தினமும், எதிர்க்கட்சியை அமுக்கிக்கிட்டே உட்கார்ந்திருக்கு.